மறுக்கப்பட்ட ஏடுகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து விராலிமலை வழியே மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், துவரங்குறிச்சியை ஒட்டிக் கிளை பிரிந்து சென்றால் மருங்காபுரி. பழைய ஜமீன் ஊர். வடக்கே காவிரியும் திருவரங்கமும். தெற்கே வையையும் மதுரையும். இரண்டுக்கும் ஏறத்தாழ இடைவழியில் அமைந்த ஊர் இது. தமிழ் மரபு பெரிதும் போற்றிப் பேசும் அரங்கேற்றக் கதைகள் இரண்டு இந்தச் சாலையின் இரு முனைகளையும் களமாகக் கொண்டவை. வள்ளுவர் குறளைக் கொண்டு சென்றது மதுரைக்கு. கம்பர் இராமகாதையைக் கொண்டு சென்றது திருவரங்கத்துக்கு. இரு கதைகளிலும் அவையோர் முதலில் கூறிய விடை ஒன்றே: ஏற்பதற்கில்லை.

அச்சுப்பொறி வருவதற்கு முன்பு நூல் என்பது எழுதி முடிக்கப்பட்டவுடன் நூலாகிவிடவில்லை. கோயில் மண்டபத்திலோ அரசவையிலோ மடத்திலோ அறிஞர் கூடியிருக்க, ஆசிரியர் செய்யுள் செய்யுளாகப் படித்துப் பொருள் கூற வேண்டும். கேட்போர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை இறுப்பார். சொல்லில் குற்றம், பொருளில் குற்றம், யாப்பில் குற்றம், மரபில் குற்றம் என எங்கிருந்தும் அம்பு வரலாம். பெருநூலாயின் இது நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீளும். முடிவில் அவையின் பெரியோர் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தால் நூல் உலகில் நடமாடும். கொடுக்க மறுத்தால் ஏட்டைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஒரே ஓர் ஆறுதல், மறுத்தவரின் முகம் புலவனுக்குத் தெரிந்திருந்தது. எதற்காக மறுத்தார் என்பதும் தெரிந்திருந்தது.

மதுரைக் கதைகள் இவ்வகையில் மிகக் கடுமையானவை. பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகை குறள் ஏட்டுக்கு மட்டும் இடம் கொடுத்து, வீற்றிருந்த புலவரை நீரில் தள்ளியது என்பர். அது புலவனின் கனவு. மறுத்தவர்கள் நனைந்து எழுந்து வருவதைக் காண எந்தக் கவிஞன்தான் விரும்ப மாட்டான்? தருமியின் கதையோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே மறுக்கப்பட்டது இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டு. ஆலவாய் அண்ணலின் செய்யுளையே குற்றம் என்று சொன்ன அவை, அடுத்தவர் செய்யுளை எளிதில் விட்டிருக்குமா? திருவிளையாடல் கதையை எண்ணும்போது, திருப்பி அனுப்பப்பட்ட கவிதையைக் கையில் வைத்திருப்பவர் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.

நாலடியாரைப் பற்றிய கதை வேறு வகை. பஞ்ச காலத்தில் பாண்டியனை அண்டி வாழ்ந்த சமண முனிவர் எண்ணாயிரவர், நாடு திரும்ப விடை கிடைக்காமையால், ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டு ஓரிரவில் நீங்கினர். சினம் கொண்ட மன்னன் ஏடுகளையெல்லாம் வையையில் எறியச் செய்தான். நானூறு ஏடுகள் நீரோட்டத்தை எதிர்த்து வந்தன. அவையே நாலடியார் ஆயின. கதையை இவ்வளவோடு நிறுத்துவதே வழக்கம். மீதமுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அவற்றை எழுதியவர்களும் முனிவர்கள்தாம். அவர்களும் அந்த இரவில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுத்தாணியைக் கையில் எடுத்தவர்கள்தாம். மறுப்பைப் பற்றிய கதைகள் எல்லாம் வென்றவர் பக்கமிருந்தே சொல்லப்படுகின்றன என்பதை இக்கதை தன்னை அறியாமலே காட்டிவிடுகிறது. கதை கற்பனை, ஆனால் ஏடுகள் நீரில் போனது கற்பனையன்று. பழஞ்சுவடிகள் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டதையும், கரிவலம்வந்தநல்லூரில் ஓமத் தீயில் இடப்பட்டதையும் கேட்டு நொந்ததை உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

காஞ்சியில் கச்சியப்பர் பட்ட பாடும் இந்த வரிசையில் வருவது. கந்தபுராணத்தின் முதற்சொற்களில் அமைந்த புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லையென்று குமரகோட்டத்து அவையில் தடை எழ, நூலின் வாசலிலேயே அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதி காட்டிய பின்னரே மேலே நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூல் ஓர் எழுத்துக்காக ஓரிரவு காத்திருந்தது.

இனித் திருவரங்கம். தாயார் சந்நிதிக்கு அருகே, மேட்டழகியசிங்கர் சந்நிதிக்கு எதிரே, கம்பர் இராமாயணம் அரங்கேற்றிய மண்டபம் என்று வழங்கும் நாற்கால் மண்டபம் இருக்கிறது. தாயாரைச் சேவித்து வருவோர் பலரும் அதனைக் கடந்தே செல்கின்றனர். இன்றுள்ள கட்டடம் கம்பர் காலத்ததுதானா என்பது வேறு வினா. கம்பர் காலமே முடிவாகாத ஒன்று. தனிப்பாடல் ஒன்று அரங்கேற்றத்தைச் சகம் 807 பங்குனி அத்த நாளில் வைக்கிறது, அது கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியாகும். நாதமுனிகள் முன்னிலையில் அரங்கேறியது என்ற வைணவ மரபு இதற்குத் துணை. ஆராய்ச்சியாளர் பலர் கம்பரை 12ஆம் நூற்றாண்டில், சோழப் பேரரசின் பிற்பகுதியில் வைப்பர். முந்நூறு ஆண்டு இடைவெளியுள்ள இந்த வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் எந்த நூற்றாண்டில் வைத்தாலும் அரங்கேற்றக் கதையின் உருவம் மாறுவதில்லை. கம்பருக்குக் கதவு உடனே திறக்கவில்லை என்பதே அதன் உள்ளீடு.

விநோதரசமஞ்சரியும் வாய்மொழி வழக்கும் கூறும் கதையை ஒருவாறு கோத்துப் பார்க்கலாம். கம்பர் ஏட்டுக் கட்டுகளோடு திருவரங்கம் வருகிறார். அரங்கத்துப் பெரியோர், இது பெருமாள் திருமுன் படிக்கத் தக்கதாயின் பிற இடத்துச் சான்றோரும் ஒப்ப வேண்டும் என்கின்றனர். தில்லைத் தீட்சிதர் மூவாயிரவரின் கையொப்பம் வேண்டுமாம். சைவத் தலத்து அந்தணரின் ஒப்புதல் வைணவக் காப்பியத்துக்கு எதற்கு என்று கம்பர் கேட்டதாகக் கதையில் இல்லை. அவர் நடக்கிறார். தில்லையில் மூவாயிரவரை ஒருசேரக் காண்பது அரிதாக இருக்கிறது. ஒரு சிறுவன் பாம்பு தீண்டி இறக்க, அந்தத் துயரத்தில் எல்லோரும் கூடுகின்றனர். கம்பர் நாகபாசப் படலத்துச் செய்யுட்களைப் பாட, சிறுவன் எழுகிறான். கையொப்பம் கிடைக்கிறது. இதோடு முடியவில்லை. சமண அறிஞரிடமும், மாவண்டூர்க் கருமானிடமும், தஞ்சையிலிருந்த கணிகை ஒருத்தியிடமும், இறுதியில் தம் மகன் அம்பிகாபதியிடமும் ஒப்புதல் பெற்று வந்தார் என்று கதை நீள்கிறது. வேதியர் முதல் கொல்லுலைக்காரர் வரை, கோயில் முதல் ஆடலரங்கு வரை ஒரு நூல் அலைந்து திரிந்து தகுதி பெறுகிறது. தடை விதித்தவர்கள் புலவரை அலைக்கழிக்க எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த அலைச்சலில் இராமகாதை நாடு முழுவதும் கேட்கப்பட்டுவிட்டது.

அரங்கத்தில் மேலும் தடைகள் இருந்தன. நம் சடகோபனைப் பாடினாயோ என்று பெருமாளே கேட்டதாகவும், அதனால் கம்பர் சடகோபரந்தாதி பாடியதாகவும் வைணவர் கூறுவர். அடுத்தது சடையப்ப வள்ளலைப் பற்றியது. சோறிட்டு வளர்த்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரைக் கம்பர் நூறு பாடலுக்கு ஒரு முறை புகழ்ந்திருந்தார். மானிடரைப் பாடுவது ஏற்காது, குறைத்துக்கொள்க என்றது அவை. கம்பர் நூற்றுக்கொன்றை ஆயிரத்துக்கொன்று ஆக்கினார். ஆக்கிவிட்டு, சடையப்பரை நூற்றில் ஒருவர் என்று எண்ணியிருந்தேன், நீங்கள் அவரை ஆயிரத்தில் ஒருவர் ஆக்கினீர்கள் என்று நன்றி கூறினாராம்.

கதைகளிலெல்லாம் இதுவே அழகானது. வெட்டு விழுந்த இடத்திலிருந்தே புலவர் தம் வள்ளலுக்கு முன்னிலும் பெரிய புகழை எடுத்துக் கொடுக்கிறார். அவையும் தோற்கவில்லை, புலவரும் நன்றி மறக்கவில்லை, நூலும் ஒரு மாசு நீங்கியது. திருத்தச் சொன்னவர் மேல் கம்பர் சினந்து, ஏட்டை மடித்துக்கொண்டு வெண்ணெய்நல்லூர் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வீண்வேலை. ஆயினும் இலக்கிய வட்டங்களில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்காக ஓராண்டு முகம் திருப்பிக்கொண்டவர்கள் எங்கும் உண்டாதலால், அந்த எண்ணம் வராமலும் இல்லை.

கடைசித் தடை நூலின் உயிர்நிலையில் கை வைத்தது. இரணியன் வதைப் படலம் வான்மீகத்தில் அவ்விடத்தில் இல்லாதது. வீடணன் இராவணனுக்கு அறிவுரை கூறும்போது நரசிங்கத்தின் கதையை விரித்துச் சொல்வதாகக் கம்பர் அமைத்தார். முதல்நூலில் இல்லாததை ஏற்க இயலாது என்றனர். கம்பர் இதில் மட்டும் குறைக்கவில்லை. படித்துக் காட்டுகிறேன், பின் சொல்லுங்கள் என்றார். படித்தபோது எதிரே மேட்டில் இருந்த அழகியசிங்கர் சிரித்து முழங்கித் தலையசைத்தார் என்பது கதை. சடையப்பர் புகழில் விட்டுக்கொடுத்தவர் இரணியன் படலத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எதைத் திருத்தலாம், எதைத் திருத்தினால் நூல் நூலாக இராது என்று அறிந்திருந்தவர் என்றே இக்கதையைப் படைத்தோர் கம்பரைக் கண்டனர்.

இவையெல்லாம் நடந்தனவா? கல்வெட்டுச் சான்று கேட்போருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. கதைகள் பிற்காலத்தவை, ஒன்றுக்கொன்று முரண்படுபவையும் உண்டு. ஆனால் தமிழர் தம் மிகப் பெரிய கவிஞனுக்கு ஒரு வரலாறு புனைய முற்பட்டபோது, அவையோர் கேட்டவுடனே எழுந்து நின்று போற்றினர் என்று புனையவில்லை. மறுத்தனர், நடக்கவிட்டனர், குறைக்கச் சொன்னர் என்றே புனைந்தனர். எழுதுவோர் வாழ்வில் எது இயல்பு என்பதைப் பற்றி அவர்களுக்கு மயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வந்தால் திருச்சிராப்பள்ளியிலேயே ஒரு பெரும் பெயர் காத்திருக்கிறது. மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிக்கு அருகில் அதவத்தூரில் பிறந்தவர். தந்தையார் மதுரையிலிருந்து வந்தவர். மகன் பெயரிலேயே மதுரை இருக்கிறது. இளமையில் வறுமை, படிக்க விரும்பிய நூல்களும் எளிதில் கைக்கு எட்டவில்லை. தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் ஊரில் பிச்சையெடுத்துத் திரிந்தார். அவர் பின்னே அலைந்து, வேண்டிய பணிவிடைகள் செய்து, அவர் மனம் இசைந்தபோதெல்லாம் பாடம் கேட்டு அந்நூலைக் கற்றார் பிள்ளை என்று அவர் மாணவராகிய உ.வே.சா. எழுதுகிறார். கல்வி மறுக்கப்படுவது என்ன என்பதை அறிந்தவர். பின்னாளில் மாணவர்களுக்குச் சோறும் தமிழும் ஒருங்கே அளித்தவர்.

இத்தகைய பெரியவரும் ஒருமுறை மறுப்பவராக நின்றார். அவர் மாயூரத்தில் வாழ்ந்த காலம். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றி, அதற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பிள்ளையிடம் வந்தார். பிள்ளை அதில் இலக்கண வழுக்களைக் கண்டார். சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவர் பண்ணையாராகப் புகுந்து நந்தனாரை வாட்டுவதையும் கண்டார். இசைப்பாட்டில் அவருக்கு இயல்பாகவே அவ்வளவு நாட்டமில்லை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல், பிறகு பார்க்கலாம் என்று நாளைத் தள்ளினார். மென்மையான மனிதர்கள் மறுக்கும் முறை இது. கடுமையாக மறுப்பதைவிட இதுவே கேட்பவரை நெடிது வருத்தும்.

பாரதியார் மீண்டும் மீண்டும் வந்தார். சினக்கவில்லை, இலக்கணம் கற்றுக்கொண்டு வந்து வாதிடவும் இல்லை. ஒருநாள் பிள்ளை பகலில் ஓய்வு கொண்டிருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளுள் ஒன்றைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளே படுத்திருந்த மகாவித்துவானின் காதில் அது விழுந்தது. ஏட்டில் படித்தபோது வழுவாகத் தெரிந்தவை குரலில் கேட்டபோது மறைந்தன. நந்தனாரின் ஏக்கமே காதில் நின்றது. உருகிப்போன பிள்ளை, இத்தனை நாள் காக்க வைத்ததற்கு வருந்திச் சிறப்புப்பாயிரம் அளித்தார். 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அந்நூல் அச்சேறியது. நந்தன் கதை தமிழ்நாட்டின் தெருவெல்லாம் பாடப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம்? பிள்ளையவர்கள் கண்ட வழுக்கள் வழுக்களே. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த அளவுகோல் வேறு நூல்களை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. புதிய வடிவம் ஒன்று வரும்போது மிகவும் கற்றவரே முதலில் மறுக்கிறார் என்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சில் மார்செல் புரூஸ்த் தம் பெருநாவலின் முதற்பகுதியைப் பதிப்பகங்கள் மறுத்தமையால் 1913இல் தம் செலவில் அச்சிட்டார். மறுத்தவருள் ஒருவரான ஆந்திரே ழீத் அடுத்த ஆண்டே தம் பிழைக்கு வருந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளை வருந்தியதற்கு ஒரு திண்ணைப் பாட்டு போதுமாயிருந்தது. பாரதியார் அங்கே காத்திருந்து பாடினார் என்பதே காரணம். தபாலில் அனுப்பியிருந்தால் அது நேர்ந்திராது.

தபாலில் அனுப்பும் காலமும் வந்தது. இதழ்கள் பெருகின. அவையும் திண்ணையும் மறைந்து, போதிய தபால்தலை ஒட்டிச் சுயமுகவரி எழுதிய உறை வந்து சேர்ந்தது. படைப்பாளி தன் கைப்பட எழுதிய முகவரியே தன்னிடம் திரும்பி வருவதைப் போன்ற துன்பம் பழம்புலவருக்கு இல்லை. உள்ளே ஓர் அச்சிட்ட துண்டுச் சீட்டு இருக்கும். வருந்துகிறோம் என்று அதில் இருக்கும். வருந்தியவர் யார், எதற்கு வருந்தினார் என்பது இராது. கம்பருக்குத் தில்லைக்குப் போ என்றாவது சொன்னார்கள்.

திருச்சியில் இந்தக் காலத்தை நினைத்தால் திருலோக சீதாராம் நினைவுக்கு வருவார். பாரதியைத் தம் தந்தையாகவே வரித்துக்கொண்டு பாடித் திரிந்த கவிஞர். திருச்சியிலிருந்து ‘சிவாஜி’ இதழை நடத்தியவர். பெரிய இதழ்கள் திரும்பிப் பாராத இளைஞர்களுக்கு இத்தகைய இதழ்களே திண்ணையாக இருந்தன. திருவரங்கத்தில் வளர்ந்து திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்த ரங்கராஜன் என்ற இளைஞரின் முதற்கதை 1953இல் ‘சிவாஜி’யில் வெளிவந்தது. அடுத்த கதை குமுதத்தில் வெளியானது 1962இல். இடையில் ஒன்பது ஆண்டுகள். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்தமையால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக் கொண்டார், சுஜாதா பிறந்தார். பின்னாளில் தமிழின் மிகுதியும் படிக்கப்பட்ட எழுத்தாளராகிய அவர், தம் முதற்கதை வந்த சிவாஜி இதழின் பிரதியைத் தேடிக் கிடைக்காமல் அதைப் பற்றி வேடிக்கையாக எழுதியதுண்டு.

அதே திருவரங்கத்தில் இன்னொரு ரங்கராஜனும் இருந்தார். 1931இல் பிறந்த டி.எஸ். ரங்கராஜன். ஓவியராக வேண்டும் என்பது முதல் ஆசை. ஓவியர் மாலியைப் போல வர வேண்டுமென்று நண்பர் ஒருவர் வைத்த பெயர் வாலி. நண்பர்களோடு ‘நேதாஜி’ என்ற கையெழுத்து இதழ் தொடங்க, அதன் முதற்படியைக் கல்கி வெளியிட்டார். அந்த விழாவுக்கு வந்த வானொலி அதிகாரியால் திருச்சி வானொலியில் எழுதும் வாய்ப்புக் கிட்டியது. இவ்வளவு நற்சகுனத்தோடு சென்னை சென்றவருக்கு அங்கே கதவுகள் திறக்கவில்லை. 1950களின் இறுதியில் ‘அழகர்மலைக் கள்வன்’ படத்தில் ஒரு பாடல் கிடைத்தது. அதன்பின் நெடிய வறட்சி. இவர் பாட்டு எடுபடாது என்று திருப்பி அனுப்பியோருள் பின்னாளில் அவரோடு நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்தவரும் உண்டு என்பதை வாலியே மேடைகளில் நகைச்சுவையோடு சொல்லியிருக்கிறார்.

பொறுமை தீர்ந்தது. மதுரைக்குச் சென்று வேலையில் சேர்வதென்று முடிவு செய்தார். அதாவது திருவரங்கத்துக் கவிஞர் மதுரைச் சாலையைப் பிடிக்க இருந்தார். அந்த வேளையில் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸ் அவருடைய அறைக்கு வந்தார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று வாலி கேட்க, 1962இல் வெளிவந்த ‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாடல் ஒன்றை ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டினார். துன்பத்தில் சோர்ந்தவனைத் தேற்றும் பாடல் அது. கேட்டு முடித்ததும் ஊர் செல்லும் எண்ணத்தை வாலி கைவிட்டார். அடுத்த ஆண்டு வந்த ‘கற்பகம்’ படம் அவரை நிலைநிறுத்தியது.

இங்கே நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாலிக்கு இடமில்லாமற் போனதற்கு ஒரு காரணம், அந்த இடம் முழுவதையும் கண்ணதாசன் நிறைத்திருந்தார் என்பதே. வாய்ப்பை அடைத்துக்கொண்டிருந்தவரின் பாட்டே வாய்ப்பற்றவரை ஊர் திரும்பவிடாமல் தடுத்தது. பொறாமை கொள்ளுதற்கு எல்லாக் காரணமும் இருந்த நேரத்தில் அந்தப் பாட்டை அதன் தகுதிக்காகக் கேட்க வாலியால் முடிந்தது. பிறர் கவிதையைக் கேட்டு மகிழும் காது அடைபடாதவரை எழுதும் கையும் முடங்குவதில்லை போலும். கவியரங்குகளில் தம் முறை முடிந்ததும் எழுந்து செல்லும் கவிஞர்கள் இதனைச் சற்று எண்ணலாம். வாலி பிறகு 1990களில் ஆனந்த விகடனில் இராமன் கதையை ‘அவதார புருஷன்’ என்ற பெயரில் புதுக்கவிதை நடையில் எழுதினார். கம்பர் மண்டபத்தை நாளும் கண்டு வளர்ந்தவர் இராமாயணம் பாடியபோது சிறப்புப்பாயிரம் வேண்டியிருக்கவில்லை; வாரந்தோறும் வாசகர் காத்திருந்தனர்.

காத்திருக்க வாசகரே இல்லாதவர் நிலை வேறு. ந. பிச்சமூர்த்தி 1934இல் ‘மணிக்கொடி’யில் யாப்பைத் துறந்த கவிதையைத் தொடங்கினார். அது கவிதையே அன்று என்றனர் மரபறிந்தோர். சில ஆண்டுகள் எழுதினார். பிறகு கவிதையில் நெடிய மௌனம். இந்த மௌனத்தைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. கதை எழுதிக்கொண்டிருந்தார், கோயில் நிர்வாகப் பணி பார்த்துக்கொண்டிருந்தார். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது மீண்டும் பாட வந்தார். விட்ட இடத்தில் ஓர் இளைஞர் கூட்டமே அவர் பின்னால் நின்றது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது.

செல்லப்பாவைப் போல மறுப்போடு வாழ்நாள் முழுவதும் குடித்தனம் நடத்தியவர் தமிழில் அரியர். ‘எழுத்து’ 2,000 படிகளுக்கு மேல் அச்சிடப்படமாட்டாது என்று முதலிதழிலேயே அறிவித்தார். அந்த எல்லையைத் தாண்டுவதற்கான ஆபத்து ஒருபோதும் நேரவில்லை. சந்தாதாரர் சில நூற்றுவரே. இருப்பினும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. விற்பனையாளர் ஏற்காத நூல்களைத் தாமே மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றார். கம்பரின் ஏட்டுச் சுமையைக் கதை என்று தள்ளலாம். செல்லப்பாவின் புத்தகச் சுமையைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு.

விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். அந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகங்களாக விரிந்த பெருநாவல். அவ்வளவு பெரிய நூலை வெளியிடப் பதிப்பாளர் முன்வரவில்லை. நாட்டின் விடுதலைப் பொன்விழா ஆண்டான 1997இல், எண்பத்தைந்தாம் வயதில், தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் அறிவிக்கப்பட்டது. பரிசுகளையும் பண உதவிகளையும் எளிதில் ஏற்காதவர் என்று பெயர் பெற்ற மனிதர். இந்த ஒன்றை ஏற்கவோ மறுக்கவோ அவர் இல்லை.

மறுப்புக்கு உள்ளாவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அவைக்குள் நுழைய வேண்டும். நுழையவே அழைக்கப்படாதவர் இருந்தனர். குறளுக்கு உரை கண்டவராக மரபு எண்ணும் பழைய பதின்மரும் ஆடவர். பெண் ஒருத்தி உரை எழுதி அது மறுக்கப்பட்டது என்ற கதைகூட மதுரையில் இல்லை. அவ்வாறு நேரக்கூடும் என்று எவரும் எண்ணியிராததே காரணம். இருபதாம் நூற்றாண்டிலும் புலவர் அவைகள் பெரும்பாலும் ஆடவர் அவைகளே.

அந்நிலையில் 1920களின் இறுதியில் ‘திருக்குறள் தீபாலங்காரம்’ என்ற உரைநூல் வெளிவந்தது. எழுதியவர் மருங்காபுரி ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி. குறளுக்கு உரை கண்ட பெண்களில் முதல்வராக அவரைக் கூறுவர். பொற்றாமரைக் குளத்துப் பலகையையும் திருவரங்கத்து மண்டபத்தையும் இணைக்கும் பெருவழியில், இரு முனைக்கும் நடுவே அமைந்த ஊரிலிருந்து அந்த உரை வந்தது. பரிமேலழகர் உரைக்குக் கிடைத்த ஆராய்ச்சியில் நூற்றில் ஒரு பங்கும் அதற்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர் வரிசையை எண்ணுவோர் பலர் அப்பெயரைச் சொல்லாமலே எண்ணி முடித்துவிடுகின்றனர். ஆயினும் நூல் இருக்கிறது. மருங்காபுரி அரண்மனையில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அம்மையார் ஒரு குறளுக்குப் பொருள் எழுதி, அடுத்த குறளுக்குச் சென்றிருக்கிறார்.